பதினாறாவது ஆள்

பிப்ரவரி 9, ஞாயிறு. சைகோன்

கரூர் மாநகரின் பஸ் பாடி கட்டும் சக்கரவர்த்தி, முப்பத்தொன்பது வருடங்களில் ஆயிரத்து நூறு பேருந்துகளுக்கு எலும்பும் தோலும் கொடுத்த பிரம்மா, நாச்சிமுத்து ஆகிய நான், இன்று காலை வியட்நாம் மண்ணில் வலது காலை எடுத்து வைத்தேன். மண் லேசாக அதிர்ந்தது. பக்கத்தில் ரோடு போடுகிறார்கள் என்று டூர் மேனேஜர் ஆரோக்கியம் சொன்னார். அவருக்குச் சரித்திர ஞானம் போதாது.

சரசா வரவில்லை. கிளம்புகிற வாரத்தில் அவளுடைய முழங்கால் வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டது. "நீங்க போயிட்டு வாங்க. ஆனா போற எடத்துல அள்ளி விடாதீங்க, சொல்லிப்போட்டேன்" என்று விபூதி பூசி அனுப்பினாள். அள்ளி விடுவது என்றால் என்னவென்றே தெரியாத குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் என் பக்கத்து சீட் அவளுடையது. அதில் என் பையை உட்கார வைத்திருக்கிறேன்.

திருச்சியிலிருந்து பறந்து வந்தவர்கள் ஆரோக்கியத்தையும் சேர்த்துப் பதின்மூன்று பேர். ஓட்டல் வாசலில் கொழும்பிலிருந்து வந்த ஒரு தம்பதி எங்களோடு சேர்ந்தார்கள். "அவங்களும் தமிழ், அவங்களும் சைவச் சாப்பாடு சார், அதான் ஒரே வண்டியில போட்டுட்டோம்" என்றார் ஆரோக்கியம். கணவர் பெயர் தர்மகுலசிங்கம், வவுனியாவில் தபாலதிபராக, அதாவது போஸ்ட்மாஸ்டராக, இருந்து ஓய்வு பெற்றவர். அம்மையார் பெயர் இராசமலர். கல்யாணமாகி நாற்பது வருடம் ஆனதற்கு மகள் கொழும்பிலிருந்து அனுப்பிவைத்த பயணம்.

அண்டை நாடுகள் இரண்டின் மக்களும் அயல்நாட்டில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை உலகத்துக்காக இந்த டைரியில் பதிவு செய்வதென்று முடிவு செய்தேன். முதல் நாள் ஆராய்ச்சி முடிவுகள்:

இந்தியர் பஸ்ஸைக் கண்டால் கைக்குட்டை எறிந்து முன்சீட்டைப் பிடிப்பார்கள். இலங்கையர் இருவரும் கால்மணி நேரம் முன்னாடியே வந்து, அவசர வழிக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நம்மவர்கள் போர்டிங் அட்டையைக் கிழித்துக் காது குடைவார்கள். அவர்கள் ஒரு துண்டுக் காகிதத்தையும் எறியவில்லை. எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போகிறது. நாங்கள் பதின்மூன்று பேரும் சேர்ந்து கொண்டுவந்த பருப்புப்பொடியில் சீனப் பெருஞ்சுவருக்குப் பூச்சு வேலை முடிக்கலாம். அவர்களிடம் ஆளுக்கு ஒரு சின்னப் பை. பாஸ்போர்ட் சட்டைக்குள் துணியில் கட்டிக் கிடக்கிறது. அம்மையார் பஸ்ஸில் செருப்பைக் கழற்றினால் அதன் மூக்கு வாசலைப் பார்த்து இருக்கும்படி வைக்கிறார், எழுந்ததும் மாட்டிக்கொண்டு ஓட வசதியாக. எங்கே ஓடப்போகிறார் என்பது ஆராய்ச்சிக்குரியது.

இன்னொன்று. பஸ் புறப்படுவதற்கு முன் ஆரோக்கியம் தலை எண்ணினார். பதினைந்து. அம்மையார் தானும் எழுந்து நின்று, விரலை சீட்டு சீட்டாக நகர்த்தி, வாய்க்குள் எண்ணினார்.

"பதினாறு" என்றார்.

"பதினஞ்சுதாம்மா."

"ஓம் தம்பி. நீங்கள் பஸ்ஸை எடுங்கோ."

தபாலதிபர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இலங்கையில் கணக்குப் பாடம் வேறு மாதிரி போலிருக்கிறது என்று முன்சீட்டுக்காரர்களிடம் சொன்னேன். நல்ல சிரிப்பு.

சைகோனில் மோட்டார் சைக்கிள்கள் எறும்பு மாதிரி. ஒரு சந்தியில், அத்தனை கூட்டத்துக்கும் நடுவே, தகரப் பெட்டியோடு ஒருத்தன் நகராமல் நின்றுகொண்டிருந்தான். கண்ணாடி பவர் மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 10, திங்கள். மேகாங் நதி

படகுப் பயணம். அமராவதி ஆற்றில் நான் நீச்சலடித்த காலத்தில் எழும்பிய அலையில் பாதிகூட இங்கே இல்லை. நம்மவர்கள் படகோட்டியின் ஓலைத் தொப்பியை விலை பேசினார்கள்; அவர் தலையிலிருந்து கழற்றவே இல்லை, அதற்குள் பேரம் மூன்று சுற்று முடிந்துவிட்டது. இலங்கையர் இருவரும் உயிர்காப்புச் சட்டையின் நாடாவை ஒருவருக்கொருவர் இழுத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

தேங்காய் மிட்டாய் செய்யும் இடத்தில் உட்கார்ந்து திருச்சிப் பெண்மணிகளுக்கு என் தம்பி சென்னியப்பனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். சரக்குக் கப்பலில் கேப்டன். ஏழு கடலிலும் அவன் காலில் விழாத திமிங்கலம் கிடையாது. போன தீபாவளிக்கு சிங்கப்பூர்த் துறைமுகத்தையே அரைநாள் மூடிவைத்துவிட்டு எனக்குப் போன் பேசினான்.

இராசமலர் அம்மா பின்னால் நின்று கேட்டிருக்கிறார். வந்து எதிரே உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு படம் எடுத்தார். பத்தொன்பது வயதுப் பையன், காது கொஞ்சம் துருத்திக்கொண்டு.

"இது எங்கட மகன், நிதர்சன். சண்டை முடிஞ்ச வரியம் காணாமற் போனவர். சில பிள்ளையள் கப்பலேறித் தப்பிப் போனவை எண்டு ஆக்கள் கதைக்கிறவை. உங்கட தம்பி கப்பலிலதானே…"

"அட, இவ்வளவுதானுங்களா அம்மணி? நம்ம ஆளு இருக்கான்! அவங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எந்தத் துறைமுகத்துல இருந்தாலும் காதைப் புடிச்சு இழுத்துட்டு வந்துருவான்."

இதை இங்கே விளக்க வேண்டும். நம் பக்கம் "நம்ம ஆளு இருக்கான்" என்பது "சாப்டீங்களா" மாதிரி. காலேஜ் சீட்டா, ஆஸ்பத்திரிப் படுக்கையா, ரயிலில் ஜன்னல் ஓரமா, எல்லாவற்றுக்கும் நம்ம ஆளு இருக்கான். கேட்டவரும் "ஓ, ரொம்ப சந்தோசமுங்க" என்பார். அதோடு இருவரும் மறந்துவிடுவார்கள். அந்த ஆளை யாரும் போய்த் தேடியதில்லை.

அம்மையார் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"முழுப் பேர் சொல்லுங்கோ அண்ணை."

சொன்னேன்.

"கப்பலின்ர பேர்?"

"அமராவதி."

"இப்ப எந்தத் துறைமுகத்தில நிக்குது? போன் நம்பர் இருக்கோ?"

நடுக்கடலில் சிக்னல் இருக்காது என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். கீழே ஒரு கோடு போட்டார்.

பிப்ரவரி 11, செவ்வாய். காலை

அமராவதி என்ற பெயரில் கப்பல் இருக்கிறதா என்று போனில் தேடினேன். ஒரு அரிசி ஆலைதான் வந்தது. கால் வீங்கியிருக்கிறது.

அதே நாள், சாயங்காலம்

கூச்சி சுரங்கங்கள். அமெரிக்கச் சண்டையின்போது வியட்நாம்காரர்கள் மண்ணுக்கடியில் ஊரே கட்டியிருந்த இடம். இப்போது வேடிக்கை பார்க்க விடுகிறார்கள். நம் படையினர் குனிந்து, தவழ்ந்து, ஒருவர் பின்பக்கத்தை ஒருவர் படமெடுத்து, உள்ளே போய் உற்சாகமாக வெளியே வந்தார்கள். நானும் நுழைந்தேன். என் வயிறு நடுவழியில் ஓர் இந்தியத் தூதரகத்தைத் திறந்துவிட்டது. முன்னால் போனவர் விளக்கோடு போய்விட, கொஞ்ச நேரம் இருட்டு. அந்த இருட்டில் யாரோ "அண்ணா" என்றார்கள். பின்னால் வந்த திருச்சிக்காரராக இருக்கும். அவர் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

இலங்கையர் இருவரும் உள்ளே வரவில்லை. தபாலதிபர் மட்டும் வாசலில் குந்தி உட்கார்ந்து, பட்டறையில் நான் வெல்டிங்கைத் தட்டிப் பார்ப்பது மாதிரி மண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"உது நல்ல பங்கர். ஆனா வாசல் நேரா இருக்கு. ஒருக்காத் திருப்பி வெட்டியிருக்க வேணும். இல்லாட்டிச் சன்னம் நேர உள்ள வரும்" என்றார். சன்னம் என்றால் துப்பாக்கிக் குண்டாம்.

"பலே! எத்தனை கட்டியிருக்கீங்க?"

"பதினேழு. ஒவ்வொரு இடமா ஓட ஓட."

நான் என் ஆயிரத்து நூறு பஸ்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்திலேயே நிஜத் துப்பாக்கியில் சுட்டுப் பழகும் இடம் இருக்கிறது. நம்மவர்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டதுதான் தெரியும். என் சட்டையை யாரோ பிடித்துக் கீழே இழுத்தார்கள். இராசமலர் அம்மா தரையோடு தரையாகக் கிடந்தார். "படுங்கோ அண்ணை! படுங்கோ! தலையைத் தூக்காதேங்கோ!" ஒரு கை கணவரின் கழுத்தை அழுத்தியிருந்தது, இன்னொரு கை என் சட்டையில்.

படுத்தேன். செம்மண் வாயில் போனது. நம்மவர்கள் சிரித்தார்கள், ஒருவர் வீடியோ எடுத்தார். எடுக்காதய்யா என்று சொல்ல நினைத்தேன். தரையில் முகம் இருக்கும்போது சத்தம் வராது என்பது இன்றைய ஆராய்ச்சி முடிவு.

பஸ்ஸில் ஏறியதும், தலைமுடியில் புல்லோடு, எழுந்து நின்று எண்ணினார். பதினாறு. இன்றைக்கு யாரிடமும் நான் நகைச்சுவை சொல்லவில்லை.

பிப்ரவரி 12, புதன். வுங் தாவ்

கடற்கரை ஊர். காலைச் சாப்பாட்டின்போது தபாலதிபர் தட்டோடு என் மேசைக்கு வந்தார். அம்மையார் அறையில் இருந்தார்.

"அண்ணை, ஒண்டு கேட்டாக் கோவிக்க மாட்டியளே?"

"கேளுங்க."

"காணாமற் போனவைக்கு ஒரு பத்திரம் குடுக்கினம். அதை எடுத்து, கீரிமலைக்குப் போய்ப் பிள்ளைக்குச் செய்யவேண்டிய கிரியையைச் செய்வம் எண்டு நான் பத்து வரியமாக் கேக்கிறன். அவ மாட்டன் எண்டு நிண்டவ. இந்தப் பயணத்துக்கு வெளிக்கிட முதல்தான் ஓம் எண்டவ. திரும்பிப் போன உடன செய்யிறதெண்டு பேச்சு. இப்ப, உங்கட தம்பி மறுமொழி சொல்லுமட்டும் ஒண்டும் செய்யக்கூடாதாம்."

டீயைக் கலக்கினேன். சர்க்கரை போடாத டீ.

"எனக்கு எழுபத்தொண்டு வயசு. நெஞ்சில ரெண்டுதரம் ஒப்பரேசன். நான் போனாப் பிறகு அவ தனிய இருந்து வாசல் கேற்றைப் பாத்துக்கொண்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். அண்ணை, உங்கட தம்பி உண்மையா இருக்கிறாரோ?"

"என்னுங்க, இப்படிக் கேட்டுப்போட்டீங்க! போன வாரங்கூடப் பேசுனானுங்களே!"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் தந்தி வாசித்துக் கொடுத்தவரின் பார்வை. "அப்ப நல்லது" என்று தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் சரசா கூப்பிட்டாள். இட்லி கிடைக்கிறதா, கால் எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டாள். நானாகத்தான் சொன்னேன், சிலோன் அம்மா ஒருத்தங்க சென்னியப்பன் நம்பரைக் கேக்கறாங்க என்று. அந்தப் பக்கம் குக்கர் இரண்டு விசில் அடித்தது.

"ஏனுங்க, முப்பத்திரண்டு வருசமா எங்கிட்டச் சொல்றீங்க, நானும் கேட்டுக்கறேன். இன்னும் எத்தனை வருசத்துக்கு வேணுமின்னாலும் கேட்டுக்கறேன். வெளியாளுக்கு வேண்டாங்க. பெத்தவங்க அவங்க."

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். நடுக்கடலில் அப்படித்தான்.

பிப்ரவரி 13, வியாழன். வுங் தாவ்

கடலில் தூரத்தில் நாலைந்து கப்பல்கள் நங்கூரமிட்டிருந்தன. நம்மவர்கள் அலையில் குதித்து, "ஏ, பேண்டு நனைஞ்சிருச்சு!" என்று ஊரைக் கூட்டினார்கள். இராசமலர் அம்மா கரையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அதில எது மாதிரி அண்ணை, உங்கட தம்பியின்ர கப்பல்?"

பெரியதாகப் பார்த்துக் கைகாட்டினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு காக்கி உறையைக் கொடுத்தார். படத்தின் நகல், பிறப்புச் சான்றிதழின் நகல், தம்பிக்கு என்று ஒரு கடிதம். "தபாலில வேண்டாம். கையில குடுங்கோ" என்றார்.

வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருக்க இந்தக் கைக்குத் தெரியவில்லை.

"நீங்கள் பஸ் கட்டுறனீங்கள்தானே?"

"ஆயிரத்து நூறு கட்டியிருக்கறனுங்க."

"எங்கட மகனைப் பஸ்ஸிலதான் ஆமிக்காரர் ஏத்தினவை. நான் வெளிய நிண்டு ஜன்னலால எண்ணினனான். நாப்பத்தொரு பேர். அவர் பின்னுக்கு, கடைசிக்கு முதல் சீற். கை காட்டினவர். பஸ் போயிட்டுது." மணலை உள்ளங்கையால் சமமாக்கினார். "அண்ணை, ஒரு பஸ்ஸுக்குப் பின்னால வேற கதவு இருக்கும்தானே?"

"அவசர வழி இருக்குமுங்க."

"உள்ளுக்கிருந்து திறக்கலாமோ?"

எனக்குத் தெரியாத விஷயமா? தொழிற்சாலையிலிருந்து போகும்போது திறக்கும். ரோட்டில் ஓட ஆரம்பித்த பிறகு பாதிப் பேர் ஒரு சீட்டைக் கூடுதலாகப் போட்டு அதை அடைத்துவிடுவார்கள். சிலர் வெல்டிங்கே வைத்துவிடுவார்கள். நானே வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

"திறக்கலாமுங்க அம்மணி" என்றேன். "சுண்டு விரல்ல திறக்கலாம்."

"அதுதான் நானும் நினைக்கிறனான்" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. என் வாழ்நாளில் இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு சின்ன வாக்கியத்தில் சொன்னதில்லை.

படகுத்துறையின் முனையில் அந்தத் தகரப் பெட்டியோடு அவன் நின்றான். இந்தத் தடவை பெட்டியின் நிறம் தெரிந்தது. பச்சை. எங்கள் பட்டறையில் பஸ்ஸுக்கு அடித்து மிஞ்சிய பச்சை. அவன் கிளம்புகிற அன்று காலையில் நானே பிரஷ் பிடித்து அடித்துக் கொடுத்தது. காயவில்லை. வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டே ரயிலேறினான்.

கண்ணாடி பவரில் ஒரு குறையும் இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி. சைகோன்

மாரியம்மன் கோயில். நம்மவர்கள் நூறு வருடத்துக்கு முன் வந்து கட்டியது. இப்போது கும்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாம்காரர்கள். அவர்களுக்கு இங்கே ஒரு பழக்கம் இருக்கிறது: கருவறைக்குப் பின்னால் உள்ள கல்சுவரில் நெற்றியை ஒட்டவைத்து, வேண்டுதலைச் சுவரிடமே சொல்கிறார்கள். கல் அந்த இடத்தில் வழுவழுவென்று கறுத்திருக்கிறது.

நானும் நெற்றியை வைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது. பக்கத்தில் இராசமலர் அம்மாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. "சென்னியப்பன்" என்ற பெயர் காதில் விழுந்தது. மகனுக்காக வந்தவர் முதலில் என் தம்பியின் சௌக்கியத்துக்கு வேண்டிக்கொண்டிருந்தார்.

வெளியே பூக்கடை ஓரத்தில் காக்கி உறையை அவரிடம் நீட்டினேன். தபாலதிபரும் இருந்தார்.

"அம்மணி, என் தம்பி கேப்டன் இல்லைங்க. கப்பலே ஏறலைங்க."

அவர் வாங்கவில்லை. நான் நீட்டியபடியே சொன்னேன். இதை இங்கேயும் எழுதிவைக்கிறேன், கூட்டாமல் குறைக்காமல்.

தொண்ணூற்று மூன்று, ஆகஸ்ட். அவனுக்கு இருபத்து மூன்று வயது. கப்பல் வேலை, கப்பல் வேலை என்று பிடிவாதம். பம்பாயில் நம்ம ஆளு இருக்கான், மாணிக்கம், துறைமுக வாசல்ல போய்ப் பேரைச் சொன்னாப் போதும் என்றேன். லாரி டிரைவர் ஒருத்தர் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்ன பெயர். மாணிக்கத்தை நான் பார்த்தது கிடையாது. பச்சைப் பெட்டியோடு தம்பியை ரயிலேற்றிவிட்டேன். மூன்றாம் நாள் பட்டறைக்குப் போன் வந்தது. "அண்ணா, இங்க மாணிக்கம்னு யாரும் இல்லைங்கறாங்கண்ணா." எதிரே நாமக்கல் பார்ட்டி நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் அப்போதுதான் பம்பாய் வரைக்கும் நமக்கு ஆள் இருக்கு என்று சொல்லியிருந்தேன். "அங்கேயே நில்லுடா. ஆளு வருவான்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு போன் வரவில்லை. ஒரு மாதம் கழித்துப் போய்த் தேடினேன். மறுபடி மறுபடி போனேன்.

தபாலதிபர் என் தோளைத் தொட வந்து, தொடாமல் கையை இறக்கினார். அம்மையார் கேட்டார்.

"ஆளை அனுப்பினீங்களோ?"

"ஆளே இல்லைங்களே அம்மணி."

"அப்ப அவர் எவ்வளவு நேரம் நிண்டிருப்பார்?"

முப்பத்திரண்டு வருடத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சரசாகூட. அண்ணன் சொல்லைத் தட்டாத பையன். எவ்வளவு நேரம் நின்றிருப்பான்? மழைக்காலம் வேறு.

"அந்தப் பஸ் கதவு…" என்றார்.

"திறக்காதுங்க. பாதி பஸ்ஸுல திறக்காதுங்க."

உறையை வாங்கினார். உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, அழுத்தி மூடினார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்.

"இஞ்சருங்கோ" என்றார் கணவரிடம், என்னைப் பார்த்தபடியே. "கீரிமலைக்கு எப்ப போறது எண்டு நாள் பாருங்கோ."

தபாலதிபர் தலையாட்டினார். பத்து வருடமாகக் கேட்டது கிடைத்துவிட்டது. பூக்கடைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிப்ரவரி 15, சனி. ஏர்போர்ட் பஸ்

காலை. நம்மவர்கள் பெட்டிகளைக் கட்ட ஓட்டல்காரரிடம் கயிறு கேட்டு, கயிறு பற்றாமல் திரைச்சீலை நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலங்கையர் இருவரும் கால்மணி நேரம் முன்னாடி வந்துவிட்டார்கள். ஆனால் அவசர வழிப் பக்கம் போகவில்லை. முன்னால் காலியாக இருந்த ஏதோ ஒரு சீட்டில் உட்கார்ந்தார்கள். அம்மையாரின் செருப்பு காலிலேயே இருந்தது.

எல்லோரும் ஏறினோம். இவ்வளவு நாள் ஆனதில் ஆரோக்கியம் எண்ணுவதையே விட்டுவிட்டார். அம்மா பதினாறு சொன்னால் வண்டி நிறைந்தது என்று அர்த்தம்.

"என்னம்மா, எண்ணலையா?"

"நீங்கள் எண்ணுங்கோ தம்பி" என்றார் ஜன்னலைப் பார்த்தபடி.

ஆரோக்கியம் பாஸ்போர்ட் கட்டோடு போராடிக்கொண்டிருந்தார். "சார், நீங்க கொஞ்சம் பாருங்களேன்" என்றார் என்னிடம்.

எழுந்து நின்றேன். பஸ் எனக்குப் புதிதா? முன்னாலிருந்து விரலை நகர்த்தினேன். தம்பதி இரண்டு. திருச்சிக்காரர்கள். ஆரோக்கியம். நான். பின்சீட்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்து, மறுபடியும் எண்ணினேன்.

ஓட்டல் வாசலில், பஸ் படிக்குப் பக்கத்தில், அவன் நின்றுகொண்டிருந்தான். பெயிண்ட் இன்னும் காயவில்லை.

பக்கத்து சீட்டிலிருந்த என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவன் ஏறி உட்காரக் கொஞ்ச நேரம் பொறுத்தேன்.

"எத்தனை சார்?"

"பதினாறு."

"ஐயோ, நீங்களுமா சார்?" ஆரோக்கியம் எட்டிப் பார்த்தார். பஸ்ஸில் யாரோ சிரித்தார்கள். நான் எப்போது வேடிக்கை காட்டுவேன் என்று காத்திருப்பவர்கள்தானே.

முன்சீட்டில் இராசமலர் அம்மா திரும்பினார். என்னைப் பார்த்தார். என் பக்கத்து சீட்டைப் பார்த்தார், மெதுவாக, சரிபார்ப்பது மாதிரி.

"ஓம், சரி" என்றார். "பஸ்ஸை எடுங்கோ தம்பி."